கைப்பேசியில் சுகாதாரம் சொல்லிக்கொடுக்க: முதல் தடவை இறங்குகிறவர்களுக்கு

கென்யாவில் 2007-இல் ஒரு ஆய்வு தொடங்கியது. எச்ஐவிக்கு மருந்து எடுக்கத் தொடங்கிய 538 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு வாரம் ஒருமுறை மருத்துவமனையிலிருந்து எஸ்எம்எஸ் போகும். அதில் இருந்தது ஒரே சொல்: “மாம்போ?” சுவாஹிலியில் “எப்படி இருக்கே?” என்று தெருவில் கேட்பார்களே, அந்தச் சொல். இரண்டு நாளைக்குள் பதில் போட வேண்டும். நன்றாக இருந்தால் “சாவா”, சிக்கல் என்றால் “ஷிடா”. ஷிடா என்று போட்டவர்களையும் பதிலே போடாதவர்களையும் நர்ஸ் போனில் கூப்பிட்டுப் பேசுவார்.

2010-இல் லான்செட் மருத்துவ இதழில் முடிவு வெளியானது. எஸ்எம்எஸ் போன பிரிவில் 62 சதவீதம் பேர் மருந்தைச் சரியாக எடுத்திருந்தார்கள், போகாத பிரிவில் 50 சதவீதம். ரத்தத்தில் வைரஸ் அடங்கியிருந்தவர்களும் 57-க்கு 48 என்று முதல் பிரிவில்தான் அதிகம். இத்தனைக்கும் அந்தச் செய்தியில் எச்ஐவி பற்றியோ மருந்து பற்றியோ ஒரு வார்த்தை கிடையாது.

இந்த வேலையில் புதிதாகச் சேருகிறவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான். அவர்கள் பெரும்பாலும் “ஒரு ஆப் செய்யலாமா?” என்ற கேள்வியோடு வருவார்கள். ஆப் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். செய்தி அனுப்புவது சுலபம், பத்தாயிரம் பேருக்கு ஒரே நொடியில் அனுப்பிவிடலாம். அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் “ஷிடா” என்றால் போனை எடுக்க யார் இருக்கிறார்கள் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. கீழே வரும் படிகளை அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டே படியுங்கள்.

படி 1: ஒரே ஒரு பழக்கத்தைப் பிடியுங்கள்

“கர்ப்பிணிகளுக்கு ஊட்டச்சத்து விழிப்புணர்வு” என்று திட்ட அறிக்கையில் எழுதலாம், எஸ்எம்எஸ்ஸில் அனுப்ப முடியாது. “நாலாம் மாதத்திலிருந்து இரும்புச்சத்து மாத்திரையை நிறுத்தாமல் சாப்பிடுவது” என்று சுருக்குங்கள். யார், எதை, எப்போது செய்ய வேண்டும் என்று மூன்றும் தெரிந்தால்தான் அது ஒரு செய்தியாகும்.

சுருக்கிய பிறகு எழுத உட்கார வேண்டாம். 20 வீடு ஏறி இறங்குங்கள். மாத்திரையை ஏன் நிறுத்தினார்கள் என்று கேளுங்கள். மலம் கறுப்பாகப் போனதைப் பார்த்து பயந்தேன் என்பார் ஒருவர். குமட்டுகிறது, மலச்சிக்கல் என்பார் இன்னொருவர். மாத்திரை சாப்பிட்டால் பிள்ளை கறுப்பாகப் பிறக்கும் என்று மாமியார் சொன்னதாக ஒருவர் சொல்லக்கூடும். இதெல்லாம் போனில் பேசித் தீர்க்கக்கூடியவை.

“சுகாதார நிலையத்தில் மாத்திரையே இல்லை, ரெண்டு தடவை போய்ட்டு வந்தேன்” என்று பாதிப் பேர் சொன்னால்? அப்போது போனை மூடி வைத்துவிட்டு மாத்திரைக்கு ஏற்பாடு செய்யுங்கள். இல்லாத மாத்திரையைச் சாப்பிடச் சொல்லி வாரா வாரம் மெசேஜ் அனுப்பினால், அடுத்து நீங்கள் அனுப்பும் எதையும் அவர்கள் படிக்க மாட்டார்கள்.

படி 2: போன் யார் கையில் இருக்கிறது?

புதியவர்கள் அதிகம் சறுக்குவது இங்கேதான். கணக்கெடுப்பில் “வீட்டில் போன் இருக்கிறதா?” என்று கேட்டு, 100-க்கு 90 வீட்டில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு வருவார்கள். அந்த போன் கணவரின் சட்டைப் பையில் இருக்கும், கணவர் கட்டட வேலைக்காக வெளியூரில் இருப்பார். கர்ப்பிணிக்கு என்று அனுப்பிய அறிவுரையை அவர் சித்தாளோடு உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார்.

ஆகவே கேள்வியை மாற்றிக் கேளுங்கள். நேற்று போன் உங்கள் கையில் எந்த நேரத்தில் இருந்தது? கடைசியாக வந்த எஸ்எம்எஸ்ஸைத் திறந்து காட்ட முடியுமா? தெரியாத எண்ணிலிருந்து கூப்பிட்டால் எடுப்பீர்களா, வீட்டில் திட்டுவார்களா? ரீசார்ஜ் யார் செய்கிறார்கள், தீர்ந்துபோனால் எத்தனை நாள் அப்படியே கிடக்கும்? வீட்டுக்குள் சிக்னல் கிடைக்குமா, வாசலுக்கு வர வேண்டுமா?

இரண்டாவது கேள்வி ரொம்ப முக்கியம். படிக்கத் தெரியுமா என்று கேட்டால் கூச்சத்தில் “தெரியும்” என்பார்கள். திறந்து காட்டச் சொன்னால் உண்மை தெரிந்துவிடும். படிக்கத் தெரிந்தவர்கள்கூட எஸ்எம்எஸ்ஸைத் திறப்பதில்லை என்பதும் அப்போது தெரியும். என் அத்தை பள்ளி இறுதி வரை படித்தவர். அவருக்கு எஸ்எம்எஸ் என்றாலே “கம்பெனிக்காரன் அனுப்புறது”. 400 செய்தி திறக்காமல் கிடந்ததை நானே பார்த்தேன்.

விடை எப்படி வந்தாலும் வழி உண்டு. மும்பையில் அர்மான் என்ற தொண்டு நிறுவனம் எம்மித்ரா என்ற குரல் அழைப்புச் சேவையைத் தொடங்கியபோது, எந்த நேரத்தில் கூப்பிட வேண்டும் என்பதைப் பெண்களே தேர்ந்தெடுக்க விட்டது. போன் கையில் இருக்கும் நேரம் அவர்களுக்குத்தானே தெரியும்.

பீகாரில் பிபிசியின் தொண்டு அமைப்பான பிபிசி மீடியா ஆக்‌ஷன் வேறு வழியில் போனது. பெண்கள் கையில் போன் குறைவு, வீட்டுக்கு வரும் ஆஷா என்ற கிராம சுகாதாரப் பணியாளரிடம் போன் உண்டு. அதனால் 2012-இல் அந்தப் பணியாளர்களுக்கு 40 அட்டைகள் கொண்ட ஒரு கட்டைக் கொடுத்தார்கள். பெயர் மொபைல் குஞ்ஜி, குஞ்ஜி என்றால் சாவி. ஒவ்வொரு அட்டையிலும் படமும் ஒரு எண்ணும் இருக்கும். பணியாளர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து அந்த எண்ணை அழைத்து ஸ்பீக்கரில் போடுவார். “டாக்டர் அனிதா” என்ற பாத்திரத்தின் குரல் அந்த அட்டைக்கான செய்தியைச் சொல்லும். கர்ப்பிணி மட்டும் இல்லாமல் மாமியாரும் கணவரும் பக்கத்திலேயே கேட்பார்கள். மருமகள் சொன்னால் எடுபடாதது டாக்டரம்மா குரலில் வந்தால் எடுபடும். எனக்குத் தெரிந்தவற்றில் இதை மிகக் கெட்டிக்காரத்தனமான ஏற்பாடு என்பேன். பணியாளருக்குத் தேவைப்பட்டது ஒரு சாதாரண பட்டன் போனும் அட்டைக் கட்டும்தான்.

எல்லாருக்கும் ஒரே மாதிரி பலன் கிடைக்கும் என்றும் எதிர்பார்க்காதீர்கள். தான்சானியாவின் சான்சிபார் தீவில் கர்ப்பிணிகளுக்கு எஸ்எம்எஸ்ஸும், செவிலியரைக் கூப்பிட போன் வவுச்சரும் கொடுத்துப் பார்த்த ஆய்வில், பயிற்சி பெற்றவர் உதவியோடு பிரசவித்தவர்கள் 60 சதவீதம். சேவை கிடைக்காதவர்களில் 47 சதவீதம். நல்ல வித்தியாசம்தான். பிரித்துப் பார்த்தால் அந்த லாபம் நகர்ப்புறப் பெண்களுக்குத்தான் போயிருந்தது, கிராமத்தில் அசையவில்லை.

போன் பொதுவானது என்றால் ரகசியமும் பொதுவாகிவிடும். கருத்தடை, எச்ஐவி, காசநோய், மனநலம் போன்றவற்றில் செய்தி திரையில் தெரிந்தாலே வீட்டில் சண்டை வரலாம், அடிகூட விழலாம். “மாம்போ?” என்று மட்டும் அனுப்பியதற்கு இதுவும் ஒரு காரணம். பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தாலும் யாரோ நலம் விசாரிக்கிறார்கள், அவ்வளவுதான்.

படி 3: எழுத்தா, குரலா, படமா?

எழுத்து பற்றித் தமிழ் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டிய ஒரு கணக்கு உண்டு. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 இடம். தமிழ், இந்தி போன்ற எழுத்துகளில் அது 70 ஆகக் குறைந்துவிடும். தமிழில் மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு இடம் பிடிக்கும். “தாய்ப்பால்” நம் கண்ணுக்கு 5 எழுத்து, போனின் கணக்கில் 10.

இந்தச் செய்தியைப் பாருங்கள்:

“இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் மலம் கறுக்கும். பயம் வேண்டாம். நிறுத்தாதீர்கள்.”

சின்னதாகத்தான் தெரிகிறது, 84 இடம். 70-ஐத் தாண்டியதால் இரண்டு எஸ்எம்எஸ்ஸுக்கான காசு. கொஞ்சம் திருத்தினால்:

“இரும்பு மாத்திரையால் மலம் கறுக்கும். பயம் வேண்டாம். நிறுத்தாதீர்கள்.”

இது 68. ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கிவிட்டது. 1,000 பேருக்கு வாரம் ஒன்று என்று ஒரு வருடம் அனுப்பும்போது இந்தத் திருத்தம் செலவைப் பாதியாக்கும். இடம் போதவில்லை என்று தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி அனுப்பும் யோசனை வரும். இளைஞர்களுக்கு அது சரி. மருந்தளவு சொல்லும் செய்தியில் அந்த விளையாட்டு வேண்டாம்.

படிப்பறிவு பரவலாக உள்ள இடத்தில் எழுத்து நன்றாகவே வேலை செய்யும். தென்னாப்பிரிக்க அரசு 2014 ஆகஸ்டில் தொடங்கிய மாம்கனெக்ட் எஸ்எம்எஸ்ஸில்தான் ஓடியது. கர்ப்பத்தைப் பதிவு செய்யும்போது நட்சத்திரக் குறியும் எண்ணும் அடித்து (நாம் பேலன்ஸ் பார்ப்போமே, அதே முறை) மொழியைத் தேர்ந்தெடுத்துச் சேர்ந்துகொள்ளலாம். நாட்டில் அப்போது இருந்த 11 ஆட்சிமொழிகளிலும் செய்தி வந்தது. தாய்க்குச் செலவு கிடையாது. 2017 கடைசியில் வாட்ஸப்பிலும் வந்துவிட்டது.

படிப்பறிவு குறைந்த இடத்தில் குரலுக்குப் போங்கள். பீகாரில் தொடங்கி 2016 ஜனவரியில் இந்திய அரசின் திட்டமாக விரிந்த கில்காரியில் மொத்தம் 72 குரல் அழைப்புகள். கர்ப்பத்தின் 4-ஆம் மாதம் தொடங்கி குழந்தைக்கு ஒரு வயது ஆகும்வரை வாரம் ஒன்று வரும், ஒவ்வொன்றும் ஏறக்குறைய இரண்டு நிமிடம். இரண்டு நிமிடத்துக்கு மேல் யாரும் கேட்பதில்லை. பதிவு செய்த குரலைப் பொறுமையாகக் கேட்பது எவ்வளவு கடினம் என்று வங்கிக்கு போன் போட்ட யாருக்கும் தெரியும்.

குரலில் இன்னொரு வசதி மிஸ்டு கால். மக்கள் ஒரு எண்ணுக்கு மிஸ்டு கால் கொடுக்கட்டும், உங்கள் கணினி திரும்ப அழைத்து ஒலிபரப்பட்டும். அவர்களுக்குக் காசு போகாது, கேட்கத் தோதான நேரத்தையும் அவர்களே முடிவு செய்வார்கள்.

செய்து காட்ட வேண்டிய விஷயங்களுக்கு வீடியோ: குழந்தையை மார்பில் சரியாகப் பிடிப்பது, கை கழுவுவது, ஓஆர்எஸ் (பேதிக்குக் கொடுக்கும் உப்பு-சர்க்கரைத் தூள்) கரைப்பது. இதை இணையத்தில் ஏற்றிவிட்டு இணைப்பை அனுப்பாதீர்கள். இருக்கும் டேட்டாவை வீட்டுப் பிள்ளைகள் காலையிலேயே காலி செய்திருப்பார்கள். சுகாதாரப் பணியாளரின் போனில் மெமரி கார்டில் போட்டுக் கொடுத்தால் இணையம் இல்லாமலே ஓடும்.

ஆப் எதற்கு என்றால் பணியாளர்களுக்கு. யாருக்கு எந்த வாரம், யாரைப் பார்க்கவில்லை என்று கணக்கு வைத்துக்கொள்ள அது உதவும். பொதுமக்கள் உங்கள் ஆப்பைத் தேடி இறக்கிக்கொள்வார்கள் என்று நம்பிப் பணம் போட வேண்டாம்.

படி 4: செய்தியை எழுதி, ஊரில் வைத்துச் சோதியுங்கள்

வயிற்றுப்போக்குக்கான ஓஆர்எஸ் செய்தியை உதாரணமாக எடுத்துக்கொள்வோம். “வயிற்றுப்போக்கின்போது நீரிழப்பைத் தடுக்க ஓஆர்எஸ் கரைசலைப் பயன்படுத்தவும்” என்று முதலில் எழுதத் தோன்றும். தப்பில்லை, உபயோகமும் இல்லை. “நீரிழப்பு” என்று எந்தத் தாயும் பேசுவதில்லை. “தண்ணியா போகுது”, “பேதி”, “பிள்ளை வாடிப்போச்சு” என்றுதான் சொல்வார்கள். “பயன்படுத்தவும்” என்பது பேருந்தில் ஒட்டியிருக்கும் அறிவிப்பின் மொழி.

அடுத்து அளவு. “ஒரு பாக்கெட் முழுவதையும் ஒரு லிட்டர் தண்ணீரில்” என்பது வழக்கமான அறிவுரை. எங்கள் ஊர்ப் பக்கத்து மருந்துக்கடையில் 200 மில்லிக்கான சின்னப் பாக்கெட்டும் விற்கிறது. அந்தச் சின்னதை ஒரு லிட்டரில் கரைத்தால் உப்பு போதாது. பெரியதை ஒரு டம்ளரில் கரைத்தால் உப்பு அதிகமாகிக் குழந்தைக்கு ஆபத்து. ஆகவே செய்தி எழுதும் முன் உங்கள் பகுதியில் எந்தப் பாக்கெட் கிடைக்கிறது என்று கடைக்கும் சுகாதார நிலையத்துக்கும் நேரில் போய்ப் பாருங்கள். லிட்டர் என்றால் எந்தப் பாத்திரம் என்றும் சொல்லுங்கள். ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டில் இன்று எல்லா ஊரிலும் இருக்கிறது, அதைச் சொன்னால் போதும்.

குரல் செய்தி என்றால் இப்படி வரலாம்: “பிள்ளைக்குத் தண்ணியா வெளிய போகுதா? ஓஆர்எஸ் பெரிய பாக்கெட் ஒண்ணு எடுங்க. ஒரு லிட்டர் பாட்டில் நிறையக் காய்ச்சி ஆறின தண்ணி. பாக்கெட் முழுசையும் அதுல கரைச்சிடுங்க. கொஞ்சம் கொஞ்சமா, ஸ்பூன்ல கொடுங்க. தாய்ப்பாலை நிறுத்தாதீங்க. மிச்சம் இருந்தா நாளைக்கு வெச்சுக்காதீங்க, கொட்டிடுங்க.” துத்தநாக மாத்திரையை 14 நாள் கொடுப்பதை அடுத்த செய்தியில் சொல்லலாம். ஒரே அழைப்பில் இரண்டையும் திணித்தால் இரண்டும் நிற்காது.

யார் குரல் என்பதும் யோசிக்க வேண்டியது. ஸ்டுடியோவில் செய்தி வாசிக்கிற மாதிரிப் பேசினால் ஆள் அந்நியமாகிவிடுவார். அந்த வட்டாரத்துப் பேச்சு வரும், கொஞ்சம் வயதான பெண் குரல் நல்லது. எப்போதும் அதே குரலாக இருக்கட்டும். பெயரும் வையுங்கள். மூன்றாவது வாரத்தில் “இந்த வாரம் அந்த அக்கா பேசலையே” என்று கேட்டார்கள் என்றால் பாதிக் கிணறு தாண்டிவிட்டீர்கள்.

எழுதியதை மருத்துவர் ஒருவர் படித்துக் கையெழுத்துப் போடட்டும். அவர் திருத்தும்போது “நீரிழப்பு” திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும், பணிவாக எடுத்துவிடுங்கள். உள்ளடக்கம் அவருடையது, சொற்கள் ஊருடையவை.

பிறகு சோதனை. எட்டுப் பத்து பெண்களிடம் தனித்தனியாகப் போட்டுக் காட்டுங்கள். “புரிஞ்சுதா?” என்று மட்டும் கேட்காதீர்கள், உலகத்தில் எல்லாரும் அதற்குத் தலையாட்டுவார்கள். “இதை உங்க நாத்தனாருக்குச் சொல்ற மாதிரி சொல்லுங்க” என்று கேளுங்கள். பாக்கெட்டையும் பாட்டிலையும் கையில் கொடுத்து “கரைச்சுக் காட்டுங்க” என்பது இன்னும் நல்லது. நான் முதன்முதலில் இப்படிச் செய்தபோது, மூன்று பேர் பாதிப் பாக்கெட்டைக் கொட்டிவிட்டு மீதியை மடித்து வைத்தார்கள். “முழுசையும்” என்ற சொல் எங்கள் செய்தியில் இல்லவே இல்லை.

படி 5: பதில் வந்தால் யார் எடுப்பார்?

இந்தப் படிக்கு ஆள் கிடைக்கவில்லை என்றால் திட்டத்தையே தள்ளிப் போடுங்கள் என்பேன்.

மாம்கனெக்டில் செய்தி போவதோடு ஒரு உதவி மையமும் இருந்தது. தாய்மார்கள் கேள்வி கேட்கலாம், மருத்துவமனையில் நடந்தது பற்றிப் பாராட்டோ புகாரோ சொல்லலாம். கேட்பதற்கு ஆள் இருக்கிறது என்று தெரிந்தால் வரும் செய்தியையும் மதித்துப் படிப்பார்கள்.

சிறிய திட்டத்துக்குக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 300 பெண்கள். வாரத்தில் பத்தில் ஒருவர் பதில் போட்டால் 30 அழைப்பு. ஒவ்வொன்றுக்கும் 10 நிமிடம் என்றால் 5 மணி நேரம், வாரத்தில் ஒரு நர்ஸின் அரை நாளுக்கும் மேல். இந்த 5 மணி நேரத்துக்கான சம்பளம் பட்ஜெட்டில் இருக்கிறதா? “அவங்க சும்மா இருக்கும்போது பார்த்துக்குவாங்க” என்று எழுதாதீர்கள். ஆரம்ப சுகாதார நிலையத்து நர்ஸ் சும்மா இருப்பதை நான் பார்த்ததில்லை.

எதற்கு என்ன பதில் என்று ஒரு தாளில் எழுதி வையுங்கள். ரத்தப்போக்கு, வலிப்பு, கண் மங்குகிறது, குழந்தை அசையவில்லை என்றால் பேச்சே கிடையாது, உடனே ஆம்புலன்ஸ் (நம் ஊரில் 108). ராத்திரி 11 மணிக்கு யாராவது கூப்பிட்டால் யார் எடுப்பார் என்பதும் அந்தத் தாளில் இருக்க வேண்டும். யாரும் எடுக்க மாட்டீர்கள் என்றால் அதையும் முதல் நாளே சொல்லுங்கள்: “காலை 9 முதல் மாலை 5 வரை. மற்ற நேரம் 108.”

வதந்தியும் இந்தப் படியில்தான் வரும். போன் நல்லதை மட்டும் பரப்புவதில்லை. 2014-இல் நைஜீரியாவுக்கு எபோலா வந்தபோது, உப்புத்தண்ணீர் குடித்தால் நோய் வராது என்று எஸ்எம்எஸ்ஸிலும் சமூக ஊடகங்களிலும் ஒரு செய்தி ஓடியது. அதை நம்பி அளவுக்கு மீறிக் குடித்ததில் இருவர் இறந்ததாகச் செய்தி வந்தது. உங்கள் எண்ணுக்கு “இது உண்மையா?” என்று கேள்வி வரத் தொடங்கினால் சந்தோஷப்படுங்கள். ஒரே வதந்தி மூன்று பேரிடமிருந்து வந்தால் அடுத்த வாரச் செய்தியே அதுதான். மறுக்கும்போது வதந்தியைத் திரும்ப முழக்க வேண்டாம், சரியானதை முதலில் சொல்லுங்கள்.

படி 6: அனுமதி, சம்மதம், நிறுத்த ஒரு வழி

2012 ஜனவரியில் உகாண்டா சுகாதார அமைச்சகம் போன் வழி சுகாதாரத் திட்டங்களைப் புதிதாகத் தொடங்கக் கூடாது என்று நிறுத்தி வைத்தது. சின்னச் சின்ன முன்னோட்டத் திட்டங்கள் நாடெங்கும் முளைத்து, ஒன்றுக்கொன்று தொடர்பில்லாமல், பணம் தீர்ந்ததும் காணாமல் போய்க்கொண்டிருந்தன. அமைச்சகத்தின் கோபம் நியாயம்தான். ஆகவே மாவட்ட சுகாதார அலுவலகத்துக்கு முதலில் போங்கள். ஏற்கெனவே ஒன்று ஓடிக்கொண்டிருந்தால் அதோடு சேருங்கள்.

சட்டம் நாட்டுக்கு நாடு மாறும். இந்தியாவில் மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையத்தின் (டிராய்) 2018-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுப்புநர் பெயரையும் செய்தி வாசகத்தையும் முன்கூட்டியே பதிவு செய்ய வேண்டும். இதற்கு வாரக்கணக்கில் நேரம் ஒதுக்குங்கள். தகவல் பாதுகாப்புக்கு இந்தியாவில் 2023-ஆம் ஆண்டுச் சட்டமும் கென்யாவில் 2019-ஆம் ஆண்டுச் சட்டமும் உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டுதலும் இப்படிப்பட்ட செய்திகளை ஒரு நிபந்தனையோடுதான் பரிந்துரைக்கிறது: அந்தரங்க விஷயங்களும் தகவல் பாதுகாப்பும் கவனிக்கப்பட்டிருக்க வேண்டும்.

சம்மதம் வாங்கும்போது படிவத்தை நீட்டுவதோடு நிற்காமல் வாயால் சொல்லுங்கள். என்ன வரும், எத்தனை நாளைக்கு வரும், உங்கள் எண்ணை யார் யார் பார்ப்பார்கள், வேண்டாம் என்றால் என்ன செய்வது.

அந்த “வேண்டாம்” பற்றிக் கொஞ்சம் நிற்கிறேன். எல்லாக் கர்ப்பமும் நல்லபடி முடிவதில்லை. கரு கலைந்த பெண்ணுக்கு “வாழ்த்துகள், இது உங்கள் 7-ஆம் மாதம்” என்று குரல் வந்தால் எப்படி இருக்கும்? தேதியை வைத்துத் தானாக அனுப்பும் எந்த ஏற்பாட்டிலும் இது நடக்கும், நடந்தும் இருக்கிறது. மாம்கனெக்டில் சேவையை நிறுத்தும்போது காரணத்தைச் சொல்ல வழி இருந்தது. குழந்தையை இழந்தவர்கள் விரும்பினால் ஆறுதலான வேறு செய்திகள் வரும். நீங்களும் முதல் நாளிலிருந்தே இதை வைத்துக்கொள்ளுங்கள். பணியாளர் ஒரு எண்ணை அழுத்தினால் அந்தப் பெண்ணுக்குப் போவது அன்றே நிற்க வேண்டும்.

எண்கள் கைமாறும் என்பதையும் மறக்க வேண்டாம். ரீசார்ஜ் செய்யாமல் விட்ட எண் சில மாதத்தில் வேறொருவருக்குப் போய்விடும். மாதம் ஒருமுறை பட்டியலைச் சரிபாருங்கள்.

படி 7: சின்னதாக ஓட்டி, எண்ணிப் பாருங்கள்

முதல் மூன்று மாதம் 50 பேர் போதும். எண்ணும்போது நான்கையும் தனித்தனியாக எண்ணுங்கள்: அனுப்பியது, போய்ச் சேர்ந்தது, கேட்டது, செய்தது. நன்கொடையாளருக்குப் போகும் அறிக்கையில் முதல் எண்தான் பெரிதாக இருக்கும், அதற்குத்தான் மதிப்புக் குறைவு.

உகாண்டாவின் ம்பரரா நகரில் 2008 வாக்கில் எச்ஐவி பற்றி எஸ்எம்எஸ் வினாடி வினா நடத்தினார்கள். சுமார் 15,000 பேருக்குக் கேள்வி போனது. பதில் போட்டவர்கள் ஐந்தில் ஒருவருக்கும் குறைவு. பதில் போடாதவர்களுக்குத்தான் அந்தத் தகவல் அதிகம் தேவைப்பட்டிருக்கக்கூடும். வந்த பதிலை மட்டும் எண்ணிச் சந்தோஷப்பட்டால் அவர்கள் கணக்கிலேயே வர மாட்டார்கள்.

கில்காரியையும் மத்தியப் பிரதேசத்தில் 5,000-க்கும் மேற்பட்ட பெண்களிடம் முறையாகச் சோதித்தார்கள். தற்காலிகக் கருத்தடை முறைகளைப் பயன்படுத்துவது ஓரளவு கூடியிருந்தது. ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுப்பதில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. அத்தனை பெரிய திட்டத்துக்கே அப்படித்தான் என்றால், உங்கள் 50 பேரில் ஒரே ஒரு பழக்கம் கொஞ்சம் மாறினாலும் அது நல்ல சேதி. மாறவில்லை என்றால் படி 1-க்குத் திரும்பிப் போய் அதே 20 வீட்டில் மறுபடி கேளுங்கள்.

படி 8: முடிக்கும்போது சொல்லிவிட்டுப் போங்கள்

நிதி ஒரு நாள் தீரும். பெரும்பாலான திட்டங்கள் அன்றைக்கு அப்படியே அமைதியாகிவிடும். 7-ஆம் மாதத்தில் இருக்கும் பெண் 8-ஆம் மாதச் செய்திக்காகக் காத்திருப்பார். அதனால் கடைசியாகச் சேர்ந்த பெண்ணுக்குக் கடைசிச் செய்தி போய்ச் சேரும்வரை ஆகும் செலவைத் தனியாக எடுத்து வையுங்கள். புதிதாகச் சேர்ப்பதை அதற்கு முன்பே நிறுத்திவிடுங்கள். கேள்விகளுக்குப் பதில் சொல்லும் எண்ணைச் சுகாதார நிலையத்திடம் ஒப்படைக்க முடியுமா என்று பேசிப் பாருங்கள்.

கடைசி அழைப்பையும் அதே அக்காவின் குரலில் பதிவு செய்யுங்கள். “இந்த மாசத்தோட என்னோட போன் வராது. சந்தேகம்னா உங்க சுகாதார நர்ஸைக் கேளுங்க. செவ்வாய்க்கிழமை துணை சுகாதார நிலையத்துல இருப்பாங்க.” செவ்வாய்க்கிழமை உண்மையிலேயே இருப்பாரா என்று பதிவு செய்யும் முன் அவரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.